வீட்டுல வண்டி இருந்தும் வாடகை சைக்கிள், வாடகை ஸ்கூட்டர் எடுக்கறவங்க ஏன் எடுக்கறீங்க? உண்மையச் சொல்லணும்

திருமங்கலம்_தினசரி:
கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. வீட்டுல ஸ்கூட்டர் இருக்கு, நல்லா ஓடுது, இன்சூரன்ஸ் கூட இந்த வருஷம் கட்டியாச்சு. ஆபீஸ் கிண்டி எஸ்டேட். திருமங்கலத்துல மெட்ரோ ஏறி ஈக்காட்டுத்தாங்கல்ல இறங்குவேன். வீட்டுலேர்ந்து ஸ்டேஷன் ஒன்றரை கிலோமீட்டர். இந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு நாலு மாசம் தொடர்ந்து வாடகை சைக்கிள் எடுத்தேன், ஆப்ல ஸ்கேன் பண்ணி பூட்டைத் திறக்கற டைப். போன வாரம் வீட்டம்மா சாதாரணமாத்தான் கேட்டாங்க, "வண்டிய வெயில்ல காய விட்டுட்டு அந்த ஓட்டை சைக்கிளை காசு குடுத்து எடுத்தியே, எதுக்கு?"ன்னு. நான் உடனே சுற்றுச்சூழல், கார்பன்னு ஆரம்பிச்சேன். அவங்க பதில் பேசல, ஏசி ரிமோட்டை எடுத்து காட்டுனாங்க. 18ல ஓடிட்டிருந்துச்சு.

அதுலேர்ந்து யோசிச்சிட்டே இருக்கேன், நிஜமாவே எதுக்கு எடுத்தேன்? இப்ப எடுக்கறதில்லை, அது எப்ப நின்னுச்சுன்னும் தெரியல, அதான் இன்னும் குழப்பம். நீங்க யாராவது எடுத்திருந்தா ஏன் எடுத்தீங்க, ஏன் விட்டீங்கன்னு சொல்லுங்க. பூமியைக் காப்பாத்தங்கற பதில் மட்டும் வேணாம், ரிமோட் உங்க வீட்டுலயும் இருக்கும்.

ஓஎம்ஆர்_ஓரமா:
காசு ப்ரோ. வேற என்ன. ஆட்டோக்காரர் 80 கேப்பார், சைக்கிள் 10 ரூபாய்ல முடியும். இதுக்கு ஒரு இழையா

திருமங்கலம்_தினசரி:
ப்ரோ நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கணக்கு போட்டா நடந்தா 0 ரூபாய், ஸ்கூட்டர்ல போனா ரெண்டு மூணு ரூபா பெட்ரோல். காசுக்குன்னா நான் அதை எடுத்தே இருக்கக்கூடாது.

ஓஎம்ஆர்_ஓரமா:
ஸ்டேஷன்ல பார்க்கிங் காசு?

திருமங்கலம்_தினசரி:
அது ஒரு பாயிண்ட்தான். ஆனா பார்க்கிங் காசை விட, பார்க்கிங்லேர்ந்து வண்டிய வெளிய எடுக்கறதுதான் பெரிய வேலை. ரெண்டு பக்கமும் ஒட்டி நிறுத்திட்டுப் போயிருப்பான், சைடு ஸ்டாண்டு மேல சைடு ஸ்டாண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு நாலு வண்டிய தூக்கி நகத்தி வச்சிட்டு வெளிய வந்தா, ஆபீஸ்ல அடக்கி வச்ச கோவம் மொத்தமும் அங்கதான் வெளிய வரும்.

கத்திரி_வெயில்:
நான் நேரா சொல்லிடறேன், இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாத கேஸ். மே மாசம் காலையில எட்டரைக்கு வெளிய நின்னு பாருங்க, நிக்கறதுக்கே சட்டை முதுகுல ஒட்டும், இதுல பெடல் வேற மிதிக்கணும். மழைக்காலத்துல தண்ணி, மத்த நாள்ல மெட்ரோ ரெண்டாம் கட்டத்துக்கு தோண்டி வச்ச தடுப்பு, டைவர்ஷன், தூசி, நைட்ல தெருநாய். மிச்சம் இருக்கறது டிசம்பர் கடைசியும் ஜனவரியும், அந்த ரெண்டு மாசத்துக்கு எவன் முதல் போட்டு கம்பெனி நடத்துவான். எடுக்கறவன் எல்லாம் ரீல்ஸ் போடத்தான் எடுக்கறான்.

பல்லாவரம்_பாட்டையா:
தம்பிங்களா, நீங்க என்னவோ புதுசா வந்த மாதிரி பேசறீங்க. 1977, 78ல பல்லாவரத்துல எங்க தெருமுனையில வாடகை சைக்கிள் கடை. ஒரு மணிக்கு 25 காசு. அவர் சைக்கிள்னு சொல்லுவோம், மணிக்கணக்கு வாடகைங்கறதால. பெரிய சைக்கிள் ஒரு வரிசை, முக்கா சைக்கிள் ரெண்டு, அரை சைக்கிள் ஒண்ணே ஒண்ணு, அந்த ஒண்ணுக்கு ஞாயித்துக்கிழமை பெரிய அடிதடி. மட்காட்டுல பெயிண்ட்ல நம்பர் எழுதியிருக்கும். கேரியர் இருக்காது, டபுள்ஸ் அடிச்சிருவோம்னு கழட்டி வச்சிருவாரு. கடைக்காரர் ஒரு நீள நோட்டுல பேரு, அப்பா பேரு, எடுத்த நேரம் எழுதிப்பார். அட்வான்ஸ் எல்லாம் கிடையாது. நீ யார் வீட்டுப் பையன்னு தெரியும், அதான் அட்வான்ஸ்.

நாங்க எதுக்கு எடுத்தோம்? எங்கயும் போறதுக்கு இல்ல. வாடகை சைக்கிளை வாங்கி எவனும் எங்கயும் போக மாட்டான், சுத்தி சுத்தி அதே தெருதான். பாருக்கு நடுவுல கால விட்டு குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கத்துக்கறதுக்கு. இன்னொண்ணு, அந்த ஒரு மணி நேரம் அந்த சைக்கிள் எங்களுது. வீட்டுல அப்பா சைக்கிளைத் தொட்டா முதுகு பழுத்துரும். இதுல கீழ விழுந்தாலும் ஹேண்டிலை முட்டியில இடுக்கி நேராக்கிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி கொண்டுபோய் நிறுத்திட்டு வந்துரலாம். அவரும் பாத்துட்டு பாக்காத மாதிரி இருப்பாரு.

மாம்பலம்_மாடிவீடு:
பாட்டையா சொன்னதுல எனக்குப் பிடிச்சது அந்த "தொட்டா முதுகு பழுத்துரும்". சொந்த வண்டின்னா அது ஒரு பிள்ளை மாதிரி. சர்வீஸ், காத்து, கீறல், யாரு தள்ளி விட்டாங்க, மழை வந்தா மூடணும். எங்க அப்பார்ட்மெண்ட்ல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கீழ விட்டா ரெண்டு சைக்கிள் திருடு போச்சு. மூணாவது வாங்க எனக்கு மனசு வரல. வாடகைக்கு எடுத்தா இறக்கி வச்ச நிமிஷம் அது என் கவலை இல்ல. நான் காசு குடுத்தது சைக்கிளுக்கு இல்ல, கவலை இல்லாததுக்கு.

வரைபடம்:
நான் போக்குவரத்து திட்டமிடல் படிக்கறேன், கொஞ்சம் பழைய கதை சொல்றேன், போரடிச்சா தாண்டிப் போயிடுங்க.

1965ல ஆம்ஸ்டர்டாம்ல ப்ரோவோன்னு ஒரு இளவட்டக் கூட்டம், சைக்கிளுக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு பூட்டே இல்லாம தெருவுல விட்டாங்க, யாரு வேணா எடு, வேலை முடிஞ்சதும் விட்டுட்டுப் போ. போலீஸ் வந்து பூட்டாத சைக்கிள் சட்டவிரோதம்னு அள்ளிட்டுப் போயிருச்சு. 1995ல கோபன்ஹேகன்ல 20 குரோனர் காசு போட்டா சைக்கிள் வரும், திருப்பி வச்சா காசு திரும்ப வரும். நல்ல ஐடியா, ஆனா எடுத்தது யாருன்னே தெரியாது, அதனால நெறய காணாமப் போச்சு. 2007ல பாரிஸ் கார்டு போட்டு எடுக்கற முறையை பெரிய அளவுல கொண்டு வந்துச்சு, முதல் அரை மணி இலவசம். அடுத்த வருஷம் சீனாவுல ஹாங்சோ, அங்க முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

இதுல கவனிங்க, அந்த முதல் அரை மணி. தர்மத்துக்கு குடுக்கறது இல்ல அது. சீக்கிரம் கொண்டுவந்து வை, அடுத்த ஆள் எடுக்கணும், அதுக்குத்தான். பாட்டையா கடையில நோட்டுல நேரம் எழுதுனாரு பாருங்க, அதே சூத்திரம்தான்.

அப்புறம் காசு விஷயம். நியூயார்க்ல எலக்ட்ரிக் சைக்கிளுக்கு நிமிஷக் கணக்குல கூடுதல் காசு, ஆனாலும் ஜனங்க அதைத்தான் தேடிப்பிடிச்சு எடுக்கறாங்க. மலிவா இருக்கணும்ங்கறது உண்மைதான், ஆனா காசு குறைவா வேர்வை குறைவான்னு கேட்டா ஜனங்க வேர்வைப் பக்கம் நிக்கறாங்க. கத்திரி வெயில் சார் சொன்ன பிரச்சனைக்கு பேட்டரிதான் பாதி பதில்.

கத்திரி_வெயில்:
நல்லா பீட்டர் விடறீங்க தம்பி. ஆம்ஸ்டர்டாம்ல ஏது கத்திரி. நம்ம ஊருக்கு வாங்க.

வரைபடம்:
வர்றேன் சார். இந்தியாவுலயே 2017ல மைசூர்ல ஆரம்பிச்சாங்க, ட்ரின் ட்ரின்னு பேரு. அதே மாசம் போபால்லயும். நம்ம சென்னை மாநகராட்சி 2014லயே நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு தனி கொள்கை போட்டாச்சு, நாட்டுலயே அப்படி ஒண்ணு போட்ட முதல் நகரம் நாமதான். போக்குவரத்துக்கு ஒதுக்கற பணத்துல குறைஞ்சது 60 சதவீதம் அதுக்குன்னு அதுல எழுதியிருக்கு.

கத்திரி_வெயில்:
எழுதியிருக்கு.

வரைபடம்:
சார் அந்த ஒரு வார்த்தையில கொன்னுட்டீங்க

டெலிவரி_டைம்:
எல்லாரும் ஜாலியா பேசிட்டிருக்கீங்க நானும் சொல்றேன். நான் எடுக்கறது வாடகை எலக்ட்ரிக் ஸ்கூட்டர், வார வாடகை, நீங்க சொல்ற மாதிரி ஸ்டேஷன் வரைக்கும் பத்து நிமிஷம் இல்ல, ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் அது மேலதான். ஊர்லேர்ந்து வந்தப்ப லைசென்ஸ் இல்ல, வண்டி வாங்க முன்பணம் இல்ல, லோனுக்கு அட்ரஸ் ப்ரூப் இல்ல, ரூம்ல ஆறு பேர். 250 வாட்டுக்குள்ள மோட்டார், 25 கிலோமீட்டருக்கு மேல போகாத வண்டின்னா லைசென்சும் வேணாம் நம்பர் பிளேட்டும் வேணாம், அதனால மறுநாளே வேலையில சேந்துட்டேன். பேட்டரி இறங்கிச்சுன்னா பேட்டரி மாத்தற ஸ்டேஷன்ல போய் காலிய வச்சிட்டு நிறைஞ்சதை எடுத்துட்டு கிளம்பலாம், சார்ஜ் போட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தா அந்த ரெண்டு மணி நேர ஆர்டர் யார் தருவாங்க. பெட்ரோல் வண்டி வச்சிருக்க பசங்களுக்கு தெனம் பெட்ரோலுக்கே ஒரு தொகை போகுது, எனக்கு வாரம் இவ்ளோன்னு தெரியும், வீட்டுக்கு எவ்ளோ அனுப்பலாம்னு திங்கக்கிழமையே தெரியும், அதான் எனக்கு மேட்டர்.

கஷ்டம் இல்லாம இல்ல. 25க்கு மேல போகாதுன்னா அண்ணா சாலையில பின்னாடி வர்ற பஸ் அடிக்கற ஹாரன்ல காது போயிரும். மழைன்னா துரைசாமி சுரங்கப்பாதைப் பக்கமே போக மாட்டேன், சுத்திதான் போவேன், தண்ணியில இறக்கி மோட்டார் நின்னா அந்த செலவு என் தலையில. லைசென்ஸ் எடுத்தாச்சு இப்ப, சொந்த வண்டி வாங்கலாம்தான், ஆனா வாடகை வண்டி ரிப்பேர் ஆனா வேற வண்டி குடுப்பாங்க, சொந்த வண்டி ரிப்பேர் ஆனா அன்னைக்கு சோறு இல்ல. இதுதான் கணக்கு. ஆர்டர் வந்துருச்சு அப்புறம் வர்றேன்

மாம்பலம்_மாடிவீடு:
தம்பி "திங்கக்கிழமையே தெரியும்"னு சொன்னது மனசுல நிக்குது.

ஓஎம்ஆர்_ஓரமா:
ஓகே என் முதல் பதில வாபஸ் வாங்கறேன். காசு குறைவா இருக்கணும்ங்கறது இல்ல, எவ்ளோன்னு முன்னாடியே தெரியணும். ஆட்டோவுல எனக்கு எரியறது 80 ரூபா இல்ல, 80ன்னு சொல்லி, நான் 50ன்னு சொல்லி, அவர் முகத்தைத் திருப்பி, நான் நாலடி நடந்து, திரும்ப கூப்பிட்டு 70, அந்த கூத்து தினம் காலையில.

வேளச்சேரி_விஜி_இல்ல:
நான் ஒரு பொண்ணு பக்கம் சொல்றேன், ஏன்னா இங்க யாரும் சொல்லல. 2021லேர்ந்து சாதா கட்டண பஸ்ல எங்களுக்கு டிக்கெட் கிடையாது. அதனால "மலிவா இருக்கு, எடுங்க"ன்னு எங்ககிட்ட வந்தா விக்காது. இலவசத்தை விட மலிவு எது? அப்படியும் நான் ஒரு வருஷம் வாடகை ஸ்கூட்டர் எடுத்தேன், பறக்கும் ரயில்ல வேளச்சேரியில இறங்கி வீடு வரைக்கும்.

காரணம் ராத்திரி ஒன்பதரை. அந்த நேரத்துல ஷேர் ஆட்டோவுக்கு நின்னா, நிக்கறதே வேலை. வண்டி நிறையற வரைக்கும் எடுக்க மாட்டாங்க. பைக் டாக்ஸி புக் பண்ணா வீட்டு வாசல் வரைக்கும் ஒரு முன்பின் தெரியாத ஆளைக் கூட்டிட்டுப் போற மாதிரி, எங்க வீடு எதுன்னு அவனுக்குத் தெரியும். நான் எப்பவும் ரெண்டு வீடு தள்ளித்தான் இறங்குவேன், பொண்ணுங்க நெறய பேரு அப்படித்தான், கேட்டுப் பாருங்க. நானே ஓட்டிட்டுப் போனா யாருக்காகவும் நிக்க வேணாம், யாருகிட்டயும் பேச வேணாம், கண்ணாடியில யாரு பாக்கறாங்கன்னு கவனிக்க வேணாம். பத்து நிமிஷம். அவ்ளோதான்.

இன்னொரு விஷயம், இது புதுசும் இல்ல. 1990கள் ஆரம்பத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் எழுத்தோட சேத்து சைக்கிளும் கத்துக் குடுத்துச்சு, அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கு மேல பெண்கள் கத்துக்கிட்டாங்க. கல் குவாரியில வேலை செய்யறவங்க, அங்கன்வாடி ஊழியர், டீச்சர் எல்லாரும். லேடீஸ் சைக்கிள் கடையில தீந்து போச்சு, ஆனா நெறய பேரு ஜென்ட்ஸ் சைக்கிளே போதும்னு வாங்குனாங்க, ஏன்னா அந்த நடு பார்ல பிள்ளைய உக்கார வச்சுக்கலாம். டிசைன் பண்றவங்க நம்மள கேக்காம இது லேடீஸ் இது ஜென்ட்ஸ்னு பிரிக்கறாங்க. அவங்க எதுக்கு ஓட்டுனாங்கன்னு கேட்டா முதல் பதில் பஸ்சுக்குக் காத்திருக்க வேணாம்கறதுதான். கூட்டிட்டுப் போக ஆம்பளைய எதிர்பாக்க வேணாம்கறது அடுத்தது. என் வேளச்சேரி காரணமும் அதேதான், முப்பது வருஷம் கழிச்சு.

பல்லாவரம்_பாட்டையா:
அம்மா, எங்க வீட்டுல அறுபது வயசுல சைக்கிள் கத்துக்கணும்னு நிக்கறாங்க. வாடகை சைக்கிள் இருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன். இப்ப ஆப்ல ஓடிபி வந்து, வாலட்ல காசு ஏத்தி, ஆதார் படம் எடுத்து... அதுக்குள்ள அவங்களுக்கு ஆசையே போயிருது. நோட்டுல பேரு எழுதற ஆள் ஒருத்தர் இருந்தா போதும்.

கத்திரி_வெயில்:
பொண்ணு சொன்னது நியாயம். ஒத்துக்கறேன். ஆனா கேள்வி ஒண்ணு. இவ்ளோ நல்லதுன்னா உலகம் முழுக்க ஏன் ஊத்தி மூடிட்டிருக்காங்க? அதையும் அந்த படிக்கற தம்பி சொல்லட்டும்.

வரைபடம்:
சொல்றேன் சார், மறைக்க ஒண்ணும் இல்ல. சீனாவுல ஓஃபோன்னு மஞ்ச சைக்கிள் கம்பெனி, பீக்கிங் பல்கலைக்கழகப் பசங்க 2014ல ஆரம்பிச்சது. ஸ்டாண்டே இல்ல, எங்க வேணா விட்டுட்டுப் போ. முதலீட்டுக் காசுல தெருவை ரொப்பி, கடைசியில 2018ல ஆளுங்க கட்டுன டெபாசிட் 199 யுவான் திரும்பக் கேட்டு ஆபீஸ் வாசல்ல க்யூ, ஆப்ல ஒரு கோடிக்கு மேல பேரு வரிசையில. அந்த மஞ்ச சைக்கிள் நம்ம கோயம்புத்தூருக்குக்கூட வந்துட்டு அதே வருஷம் போயிருச்சு. மெல்போர்ன்ல 2010ல வச்சாங்க, அங்க ஹெல்மெட் சட்டம் கட்டாயம், எவன் தலைக்கவசத்தை பையில தூக்கிட்டு நடப்பான், 2019ல மூடியாச்சு. பாரிஸ்ல 2023 ஏப்ரல்ல நின்னுட்டே ஓட்டற வாடகை ஸ்கூட்டர் வேணுமா வேணாமான்னு ஓட்டெடுப்பே வச்சாங்க, ஓட்டு போட்டவங்கள்ல 89 சதவீதம் வேணாம்னு. ஓட்டு போட வந்தது எட்டு சதவீதத்துக்கும் கம்மி, அது வேற கதை. நடைபாதையில குறுக்க கெடந்ததுதான் முக்கியக் கோவம். ஆனா அதே பாரிஸ்ல வாடகை சைக்கிள் இன்னிக்கும் ஓடுது.

இன்னொரு சங்கடமான உண்மை. இந்த நின்னுட்டு ஓட்டற ஸ்கூட்டர் எடுக்கறவங்க நெறய பேரு காரை விட்டுட்டு வரல. நடந்து போயிருப்பாங்க, இல்ல பஸ்சுல போயிருப்பாங்க. அதனால பூமியைக் காப்பாத்தறோம்னு கம்பெனிக்காரங்க விளம்பரம் போட்டா கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிடணும்.

மாம்பலம்_மாடிவீடு:
அதுல என்ன தப்பு? நடக்கறதுக்கு நடைபாதை எங்க இருக்கு. பாண்டி பஜார்ல அகலமா போட்டு வச்சாங்க, அங்க நடக்கறேன், சந்தோஷமா நடக்கறேன். அங்கேர்ந்து எங்க தெரு வரைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர், டீக்கடை பெஞ்சு, நிறுத்தி வச்ச கார், சாக்கடை மூடி. அதை நடைன்னு சொல்லாதீங்க, தாண்டறதுன்னு சொல்லுங்க.

பெசன்ட்நகர்_காலைஆறு:
எனக்கு சுகர். டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடந்தா முட்டி வலி. எங்க பக்கம் வாடகை சைக்கிள் வச்சிருந்தப்ப காலையில எலியட்ஸ் பீச்ல ரெண்டு ரவுண்டு, திரும்ப வச்சிட்டு ஃபில்டர் காபி (சக்கரை இல்லாம, கேக்காதீங்க). எங்கயும் போகறதுக்கு இல்ல. பாட்டையா சொன்ன அதே சுத்திச் சுத்தி கேஸ்தான் நான், 58 வயசுல. பசங்க சொந்த சைக்கிள் வாங்கித் தர்றேன்னாங்க. கியர் வச்சது, விலை கேட்டு பயந்துட்டேன். அதை வாங்கினா தெனம் ஓட்டியே ஆகணும், இல்லன்னா பால்கனியில நின்னு என்னைப் பாத்துட்டே இருக்கும்.

பஞ்சர்_பார்த்தவன்:
இந்த இழையை மூணு நாளா படிச்சிட்டு இருக்கேன், எழுதலாமா வேணாமான்னு. நான் ஒரு வாடகை சைக்கிள் கம்பெனியில ஒன்றரை வருஷம் ஃபீல்டுல இருந்தேன். பேரு வேணாம். சின்ன லோடு வண்டியில சைக்கிள் ஏத்தி இறக்கற வேலை, கூட பஞ்சர், செயின், பிரேக் கட்டை. ஆபீஸ்ல உக்காந்தவங்க ஆப்ல கேள்வி கேட்டு ஜனங்க ஏன் எடுக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணுவாங்க. எல்லாரும் உடல்நலம், சுற்றுச்சூழல்னு டிக் போட்டிருப்பாங்க. எனக்கு சிரிப்பா வரும். சைக்கிளைப் பாத்தாலே தெரியும் எதுக்கு எடுத்தாங்கன்னு.

பீச் பக்கம் திரும்பி வர்ற சைக்கிள் மணலோட வரும், செயின்ல உப்பு, ஒரே சைக்கிள்ல ரெண்டு பேர் போனதால போக்ஸ் கம்பி வளைஞ்சிருக்கும். அது ஜாலிக்கு எடுத்தது. ஞாயிறு சாயங்காலம் அங்க எவ்ளோ வச்சாலும் பத்தாது, செவ்வாக்கிழமை ஒண்ணும் நகராது. ஸ்டேஷன் பக்கம் வர்ற சைக்கிள் சுத்தமா இருக்கும், சீட்டு மட்டும் ஏறி இறங்கி ஏறி இறங்கி லூசாகியிருக்கும். அது தினசரி ஆளுங்க. காலையில எல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் குவியும், தெருப்பக்கம் ஸ்டாண்டு காலி. சாயங்காலம் தலைகீழ். நடுவுல நாங்க தூக்கித் தூக்கி மாத்தி வைக்கணும், அதான் மொத்த தொழிலே, மத்ததெல்லாம் பெயிண்ட். ஒரு டீசல் வண்டிய சுத்த விட்டுத்தான் இந்த பசுமை சவாரி நடக்குதுன்னு எனக்கு அப்பவே ஒரு உறுத்தல்.

இப்ப முக்கியமான விஷயம். ஜாலிக்கு வர்றவன் சைக்கிள் இல்லன்னா பஜ்ஜி சாப்பிட்டுட்டுப் போயிருவான், அடுத்த வாரம் திரும்ப வருவான். தினசரி ஆளு அப்படி இல்ல. காலையில 8.40க்கு ஸ்டாண்டுல சைக்கிள் இல்லன்னா முதல் நாள் ஓட்டமும் நடையுமா ஸ்டேஷன் போவாரு. ரெண்டாவது நாளும் இல்லன்னா மூணாவது நாள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாரு. கம்ப்ளெயிண்ட் பண்ண மாட்டாரு, திட்ட மாட்டாரு. அதான் ஆபீஸுக்குத் தெரியாது. திட்றவனுக்கு கூப்பன் அனுப்புவாங்க, சத்தமில்லாம போனவருக்கு ஒண்ணும் அனுப்ப மாட்டாங்க. அதைவிட மோசம், ஸ்டாண்டு நிறைஞ்சிருந்தா. சைக்கிளை வைக்க இடம் இல்ல, வைக்கலன்னா சவாரி முடியாது, மீட்டர் ஓடிட்டே இருக்கும், அவரு ஆபீஸுக்கு லேட். அந்த ஒரு நாள் போதும்.

எங்க ஏரியாவுல ஒரு அம்மா, ஸ்கூல் டீச்சர்னு நெனைக்கறேன், தெனம் 7.15க்கு வருவாங்க. அவங்களுக்குன்னு ஒரு சைக்கிளை சீட்டு இறக்கி காத்தடிச்சு ஓரமா வச்சிருவேன். ரூல்ஸ்ல இடம் இல்ல. நான் லீவுல போன வாரம் அவங்க வரவு நின்னுச்சு. திரும்பி வந்து வச்சுப் பாத்தேன், வரல. அப்புறம் ஒரு நாள் அதே நேரத்துல ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல போறதைப் பாத்தேன், சொந்த வண்டி. கையாட்டுனாங்க.

ஓஎம்ஆர்_ஓரமா:
அண்ணே இதைத் தனி இழையா போடுங்க ப்ளீஸ்

வரைபடம்:
நான் ரெண்டு வருஷம் படிச்சதை அண்ணன் லோடு வண்டியில ஏத்திட்டாரு.

திருமங்கலம்_தினசரி:
பஞ்சர் அண்ணே, உங்க பதிவைப் படிச்சிட்டு ஆப்ல பழைய சவாரி லிஸ்ட்டைத் திறந்து பாத்தேன். கடைசி சவாரி ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த திங்க, செவ்வாய் ஒண்ணும் இல்ல. இப்ப ஞாபகம் வருது, அந்த ரெண்டு நாளும் ஸ்டாண்டு காலி. புதன்கிழமை நான் வேற தெரு வழியா நடந்தேன். முடிவெல்லாம் எடுக்கல. கால் தானா திரும்பிருச்சு. நான் திட்டவும் இல்ல, கம்ப்ளெயிண்ட்டும் இல்ல. நீங்க சொன்ன அந்த சத்தமில்லாத ஆளு நான்தான்.

ஏன் எடுத்தேங்கறதுக்கும் இப்ப பதில் கிடைச்ச மாதிரி இருக்கு. மெட்ரோ அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வருதுன்னு தெரிஞ்சா மனசுல ஒரு நிம்மதி இருக்கு பாருங்க, அது வீட்டு வாசல் வரைக்கும் நீண்ட மாதிரி இருந்துச்சு அந்த நாலு மாசம். யாருகிட்டயும் பேரம் இல்ல, பார்க்கிங்ல வண்டி நகத்தல் இல்ல, ஆறரை நிமிஷம், நாலாவது நிமிஷத்துல ஒரு பூவரச மரம், அதுக்கடியில காத்து கொஞ்சம் குளிரும். வீட்டம்மாகிட்ட இதைச் சொன்னேன். "மரத்துக்காக போனேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா விட்டிருப்பேனே, கார்பன்னு ஏன் கதை விட்ட"ன்னாங்க.

கத்திரி_வெயில்:
மரத்தடியில எத்தனை டிகிரின்னு சொல்லுங்க, நானும் வர்றேன்.

டெலிவரி_டைம்:
அண்ணே திருமங்கலம் பக்கம்தான் இப்ப ஆர்டர் குடுத்துட்டு வந்தேன், ஒரு ஸ்டாண்டுல நாலு சைக்கிள் நிக்குது, போய் பாருங்க

திருமங்கலம்_தினசரி:
இன்னிக்கு காலையில போனேன். நாலு இல்ல, மூணு. ஒண்ணுல காத்து இல்ல. இன்னொண்ணு ஸ்கேன் பண்ணா சுத்திட்டே இருக்கு, திறக்கல. மூணாவது திறந்துச்சு, ஆனா யாரோ ஆறடி ஆளு ஓட்டிட்டுப் போயிருக்கணும், சீட்டு மேல மாட்டிக்கிச்சு, இறங்கவே இல்ல. மணி 8.37. கால் பாதி எட்டுது பாதி எட்டல, பாட்டையா சொன்ன குரங்குப் பெடல் மாதிரியே இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டு ஸ்டேஷன் போய்ச் சேந்தேன். பூக்கடை அம்மா பாத்து சிரிச்சாங்க. 8.44 ரயில் கிடைச்சிருச்சு.

பஞ்சர்_பார்த்தவன்:
சீட்டு கீழ ஒரு லீவர் இருக்கும் தம்பி, அதை வெளிய இழுத்து ரெண்டு தட்டு தட்டுங்க, இறங்கும்.